மஞ்சள் தெளித்த வெண்டை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். விவசாயத் துறையில் பரிசோதகராக இருப்பவளுக்கு அது கொஞ்சம் தேவைதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். அம்மா கனகம்மாவுக்கோ அரசாங்க வேலை என்றால் குளுகுளு அறையும் சுழல் நாற்காலியும்தான். சேறு படிந்த பூட்ஸோடு நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வார். எனக்கு இந்தச் சேறு பிடித்திருக்கிறது.

அன்று லாயாங் லாயாங் என்ற ஊரில் அய்யாவு அண்ணனின் வெண்டைத் தோட்டம். காயில் பூச்சிமருந்து இல்லை என்று நாங்கள் சான்றிதழ் கொடுத்தால், தெப்ரா நகரில் ஒரு பேரங்காடி வாரந்தோறும் அவர் காயை எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் பழையபடி தரகர் வைத்ததுதான் விலை. பரிசோதனைக்கு முன் இரண்டு வாரம் மருந்துப் பக்கமே போகக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

முதல் வரிசையிலேயே காய்களின் மேல் மஞ்சள் திட்டுகள். இலைகளிலும்தான். தேய்த்துப் பார்த்தால் விரலோடு வந்தது.

"என்னண்ணே இது? மருந்து அடிச்சிருக்கீங்க!"

"அலமாக்! சத்தியமா இல்ல தர்மினி மேடம். பம்ப்பையே தொடல லா!"

கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். பையை மூடிவிட்டு, "அடுத்த வெள்ளாமைக்குப் பாக்கலாம்" என்று வண்டியை நோக்கி நடந்தேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

வரப்பில் தேநீர்க் குவளையோடு நின்றிருந்த அவர் மனைவி ராசம்மா பின்னாலேயே ஓடிவந்தார்.

"நான்தாம்மா தெளிச்சேன். மஞ்சத்தண்ணி. காலையில சாமி கும்பிட்டுட்டு, எல்லாம் நல்லபடியா நடக்கணும்னு."

விரலை மோந்து பார்த்தேன். மஞ்சளேதான். பாதிக் கோபம் இறங்கியது.

"எதுலக்கா கலந்தீங்க? மருந்து கலக்குற வாளியிலயா?" அந்த வாளியில் ஒட்டியிருக்கும் மருந்தே காயைக் கெடுத்துவிடும்.

இப்போது அவருக்குக் கோபம் வந்தது. "சாமி காரியம்மா! மருந்து வாளியிலயா கலப்பாங்க? பூசை செம்பு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று, மஞ்சள் படாத கடைசி வரிசைகளில் காய் பறித்துப் பையில் கட்டினேன். ஆறிப்போன தேநீரை வரப்பிலேயே உட்கார்ந்து குடித்தேன். இஞ்சி தூக்கலாக, நன்றாகவே இருந்தது.

ஆய்வக முடிவு வந்ததும் நானே போன் போட்டேன். ராசம்மாதான் எடுத்தார்.

"பாஸ் ஆயிருச்சுக்கா. துளி மருந்துகூட இல்ல."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "பாத்தீங்களா, தெளிச்சதுக்குப் பலன்!" என்றார்.

"அக்கா, நான் அனுப்புனது நீங்க தெளிக்காத காய்."

"காய்க்கு என்னம்மா, அது சுத்தமாத்தான் இருந்துச்சு. கோவமா கிளம்புன நீங்க திரும்பி வந்து டீ குடிச்சீங்கல்ல? அதைச் சொன்னேன்."