பின்னட்டைக்கு ஒரு படம்

கரண்டியிலிருந்த வெந்நீரைக் கமலக்கண்ணனின் உதட்டோரம் சரித்தாள் கனகா. பாதி உள்ளே போயிற்று. பாதி கழுத்தில் இறங்கியது. அதை முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

"போனு வந்துச்சா கனகா?"

"இல்லீங்க. வந்தாச் சொல்ல மாட்டனா? பேசாமப் படுங்க."

"தொண்ணூத்தாறு பக்கந்தான் அவங்க கணக்கு. நம்முளது கொஞ்சம் நீண்டு போச்சு. கேட்டாங்கன்னா, அந்த மழைக் காட்சியக் கொறைச்சுக்கச் சொல்லு."

"சரிங்க."

ஊட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள் என்று சேலத்தில் டாக்டர் சொல்லி ஐந்து நாளாயிற்று. ஐந்து நாளும் விடிந்ததும் அவர் கேட்டது இந்த ஒன்றைத்தான். மருந்தைக் கேட்கவில்லை, திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் சத்யராஜைக்கூடக் கேட்கவில்லை.

போன் மூன்று மாதத்துக்கு முன்பே வந்துவிட்டது.

கமலக்கண்ணன் எஸ்டேட் ரைட்டர். காலையில் வேலைக்கு வந்த ஆள் பேர் எழுதுவார். சாயங்காலம் காதல் கதை எழுதுவார். மாத நாவல் போடும் ஒரு பதிப்பகத்துக்குத் தன் பேரில் அனுப்பிய நான்கு குறுநாவல்களும் திரும்பி வந்தன. ஐந்தாவதை 'ஏற்காடு கனகா' என்று பேர் போட்டு அனுப்பினார். அடுத்த மாதமே புத்தகமாக வந்துவிட்டது.

"எங்கதையில பொம்பளைங்க பேசறதெல்லாம் நீ பேசறதுதானே? அப்புறம் யாரு பேரப் போடறது?" என்றார்.

முதலில் அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாவது புத்தகத்தில் வந்தது வினை. அதில் கதாநாயகி ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்பில் மேனேஜரின் ஜீப்புக்காக மழையில் காத்து நின்றாள். காப்பிப் பழம் பறிக்கிற இடத்தில், கூட வேலை பார்க்கும் ராசாத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஏ கனகா, எந்த ஜீப்புக்கு அப்படி நனைஞ்சுக்கிட்டு நின்னே? சொன்னா நாங்களும் வந்து நிப்பமில்ல?"

காடே சிரித்தது. கனகா அன்றிரவு சாப்பிடவில்லை.

மூன்றாவது புத்தகத்தை அவர் இரண்டு வருடம் எழுதினார். பஜாரில் டைப் அடித்து அனுப்பிவிட்டு வந்து, "இந்தத் தடவை பின்னட்டையில போட்டோ போடுவாங்களாம். ஒரே ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கெஞ்சினார்.

"ஊரு சிரிச்சது பத்தலீங்களா? மூஞ்சியவேற போடோணுமா?"

அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் அந்தப் போன் வந்தது. அவர் ஆள் பேர் எழுதப் போயிருந்தார். "கனகா மேடம்தானே? உங்க கதை ரொம்ப நல்லா வந்திருக்கு…" என்றது ஒரு குரல்.

"அப்படி யாரும் இங்க இல்லீங்க. ராங் நம்பரு."

முதல் பொய்யைக் கோபத்தில் சொன்னாள். பிறகு அவரிடம் சொன்னதெல்லாம் பயத்தில் சொன்னது. ஆனால் அந்த எண்ணை அவள் அழிக்கவில்லை. 'புக்கு' என்று பேர் போட்டு வைத்திருந்தாள். மனிதருக்குள் கடவுள் இப்படி ஒரு சின்னக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்.

பக்கத்து வீட்டு அற்புதம் தூக்குச்சட்டியில் கஞ்சியோடு வந்தாள். ஐந்து நாளாக அவள் வீட்டில் உலை வைத்தால் இங்கேயும் ஒரு பங்கு வரும். கனகா அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அற்புதம் திட்டவில்லை. "இப்பவே போனப் போடுங்கக்கா" என்றாள்.

அந்த வீட்டில் சிக்னல் கிடைப்பது ஜன்னலோரம் மட்டும்தான். கம்பியில் மாட்டிய துணிப்பையில்தான் போன் எப்போதும் இருக்கும். கனகா எடுத்துப் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"ஏழரைதானே ஆவுது, ஆபீசு தொறந்திருக்காது. நீங்க அண்ணன்கிட்டப் போய்ச் சொல்லிருங்க. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்."

கனகா கட்டிலருகே போய் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க… உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."

அவர் தலை ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. கண் திறந்தே இருந்தது.

"ஏனுங்க…"

அற்புதம்தான் வந்து அந்தக் கண்களை மூடினாள்.

மத்தியானம் வீடு நிறைந்துவிட்டது. சத்யராஜ் சேலம் தாண்டி வாடகை ஜீப்பில் மலையேறிக்கொண்டிருந்தான். அவன் வந்ததும் எடுப்பதாகப் பேச்சு. பெண்கள் கனகாவுக்கு மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, தலை கொள்ளாமல் பூ வைத்து, அவர் கால்மாட்டில் உட்கார வைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். பூ வைத்தது ராசாத்திதான்.

அப்போது ஜன்னலில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்த அற்புதம், கனகாவைப் பார்த்தாள்.

"அக்கா, புக்கு."

கனகா எழுந்து ஜன்னலுக்குப் போனாள். குரல் சரியாகக் கேட்கவில்லை. அற்புதம் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"காலையில இந்த நம்பர்லேருந்து கூப்பிட்டிருந்தீங்க. யார் பேசறது?"

பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"ஏற்காடு கனகாங்க."

"முன்னாடி ஒருதரம் ராங் நம்பர்னு சொன்னாங்களே?"

"நாந்தானுங்க சொன்னேன். பொய் சொல்லிப்போட்டேன்." அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எழுதுனது எங்க ஊட்டுக்காரருங்க. போனு வருமின்னு பாத்துக்கிட்டே இருந்தாருங்க. காலையில தவறிட்டாரு."

அந்தப் பக்கத்துக் குரல் தணிந்தது.

"அம்மா, இந்த மாசத்துக்குச் சொல்லியிருந்த கதை வரலை. இதைப் போட்டுடறோம். அவர் பேர்லேயே போடட்டுமா?"

"எம்பேரு போடோணுமின்னுதான் அவருக்கு ஆசைங்க. உள்ளாற அவரு பேரும் ஒரு வரி வந்தாப் போதும்."

"போட்டுடலாம். ஒரு போட்டோ மட்டும் வேணும். அட்டை சாயங்காலம் அச்சுக்குப் போகுது. இந்த நேரத்துல கேக்கறேன்னு…"

"அனுப்பறேனுங்க. அப்புறம் அந்த மழைக் காட்சி நீளமா இருந்தாக் கொறைச்சுக்கச் சொன்னாருங்க."

"அதுதாம்மா கதையே. அதைக் குறைக்க மாட்டோம்."

போன் அணைந்தது. கனகா பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள். அற்புதம் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"இரு அற்புதம்" என்றாள் ராசாத்தி. குனிந்து, கனகாவின் கன்னத்தில் வழிந்திருந்ததைத் தன் முந்தானையால் துடைத்தாள். சரிந்திருந்த பூவைத் தூக்கிவிட்டாள். கலைந்த குங்குமத்தைச் சுண்டுவிரலால் வட்டமாக்கினாள். "இப்ப எடு" என்று சொல்லிவிட்டு, படத்தில் விழாமல் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

அற்புதம் எடுத்த படத்தைக் காட்டினாள். கனகா நிமிர்ந்து, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தின் ஓரத்தில் வெள்ளைத் துணியால் கட்டிய இரண்டு கால் பெருவிரல்கள் தெரிந்தன.

"அண்ணன் காலு விழுந்திருச்சுக்கா. வேற எடுக்கட்டுமா?"

வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"இருக்கட்டும்" என்றாள் கனகா. "அப்படியே அனுப்பு."