வழவழா வேண்டுமா, வேண்டாமா

விஷ்ராந்த்வாடியில் அந்த அடுக்குமாடி சொசைட்டியின் நான்கு தமிழ்க் குடும்பங்களுக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒற்றுமை. சினிமாக்காரர்களும் நாட்டியக்காரர்களும் பணக்காரர்களும் வழவழத் தாளில் பளபளவென்று சிரிக்கும் அந்த இங்கிலீஷ் மாதப் பத்திரிகையைக் கூட்டாக வரவழைப்பார்கள், கூட்டாகப் படிப்பார்கள், கூட்டாகத் திட்டுவார்கள். அதற்கு ஒரு பெயர் உண்டுதான். யாரும் சொல்வதில்லை. "வழவழா வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

வருவது கீழ்வீட்டுச் சங்கரன் பெயருக்கு. ராணுவக் கணக்கு அலுவலகத்தில் ரிட்டயரானவர். முதலில் அவர் படித்து, அச்சுப்பிழைகளைப் பென்சிலால் சுழித்து, முதல் மாடி மங்கையர்க்கரசிக்குக் கொடுப்பார். அவள் கோயம்புத்தூர்க்காரி, பள்ளிக்கூட டீச்சர். பிறகு இரண்டாம் மாடி நீலா. கடைசியில் மூன்றாம் மாடி ருக்மிணி. மேலே வந்து சேர்வதற்குள் தாளில் மூன்று வீட்டுக் குழம்பு வாசனையும் ஏறியிருக்கும்.

அந்த வருஷச் சந்தா முடிகிறது, மேலே தொடர்வதா என்று பேச ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்கரன் வீட்டில் கூடினார்கள். ருக்மிணி இந்தத் தடவை ஒரு தீர்மானத்தோடு கீழே இறங்கினாள். காரணம், அவள் பிள்ளை பிரணவ்.

பிரணவ் பம்பாயில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான் என்பது ஊரறிந்த சேதி. அவன் அப்பா பத்ரிநாத் பால்காரரைக்கூட விட்டுவைக்கவில்லை. அந்தக் கம்பெனி போன தீபாவளிக்கே இழுத்து மூடப்பட்டது என்பது ருக்மிணிக்கு மட்டும் தெரிந்த சேதி. வேலை போன பையன் பொழுது போகாமல் ஜிம்முக்குப் போனான். ஜிம்மிலே யாரோ பார்த்து, வா, போட்டோ எடுக்கலாம் என்று கூட்டிப்போனார்கள். வியாழக்கிழமை போன் செய்தான்.

"அம்மா, ஒரு ஆட் பண்ணியிருக்கேன். அடுத்த மாசம் வழவழாலே வரது. ஃபுல் பேஜ்."

"என்ன ஆட்டுடா?"

"பனியன் கம்பெனிம்மா."

பனியன்தானே என்று அவள் மூச்சு விட்டாள்.

"பனியன் இல்லை. அந்தக் கம்பெனி இன்னொண்ணு பண்றதே, கீழே போட்டுக்கறது." கொஞ்சம் இழுத்தான். "அதை மட்டும்தான் போட்டுண்டிருக்கேன். அப்பாகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு."

வைத்துவிட்டான். பக்குவமாகச் சொல்வதற்கு அது என்ன வடாம் மாவா? பத்ரிநாத் பாங்க் மானேஜர். வீட்டுக்குள்ளேயே சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு உட்காருகிற மனுஷர். பிள்ளை ஜட்டியோடு நாலு வீடு சுற்றப் போகிறான் என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது?

சந்தா நின்றால் அடுத்த மாதம் பத்திரிகை வராது. ருக்மிணிக்கு இருந்தது அந்த ஒரே வழி. ஆகையால் காபி டம்ளர் கைக்கு வருமுன்பே ஆரம்பித்தாள். இந்தக் கண்ராவி போதும், ஒரே அம்மணம், குழந்தைகள் இருக்கிற இடம், பதிலுக்கு ஏதாவது பக்திப் பத்திரிகை வரவழைக்கலாம் என்றாள்.

சங்கரன் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். "போன வருஷம் இதையேதான் நான் சொன்னேன். கலை, கலாசாரம்னு வாதாடி என் வாயை அடைச்சது நீங்கதாம்மா."

அது நிஜம். நாட்டியம் பற்றி வருகிறது, ஓவியம் பற்றி வருகிறது, பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பழகும் என்று போன வருஷம் முழங்கியவள் அவளேதான். இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளவா முடியும்?

ஆளாளுக்கு அபிப்பிராயம் சொன்னார்கள். சங்கரனைப் பொறுத்தவரை அது குடும்பங்களைக் கெடுக்கும் குப்பை. கெடுக்கிறதா என்று மாதாமாதம் யாராவது ஒரு பொறுப்பான ஆள் பார்க்க வேண்டாமா? மங்கையர்க்கரசி அதில் ஓர் எழுத்துக்கூடப் படித்ததில்லையாம். ஆனால் ஆளந்தி ரோடு டெய்லர் படத்தைக் காட்டினால்தான் பிளவுஸ் முதுகை ஒழுங்காக வெட்டுகிறானாம். நீலா சென்னையிலிருந்து வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. புருஷன் கம்ப்யூட்டரை விட்டு வீடு வந்து சேர ராத்திரியாகிவிடுகிறது, யார் யாரை விட்டுப் போனார்கள் என்றாவது தெரிய வேண்டாமா என்றாள்.

ருக்மிணி கடைசி நம்பிக்கையாகப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். பத்ரிநாத் அந்தப் பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போட்டியைத் தவிர எதையும் திறந்து பார்க்காதவர். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குறுக்கெழுத்து மட்டும் தரமாக இருக்கிறது, அதற்காகவாவது தொடரலாம் என்று தீர்ப்பு வழங்கினார். இரண்டு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால் ஒரு டிராவல் பேக் இலவசம் என்று சங்கரன் நோட்டீஸைக் காட்டவும் விவகாரம் முடிந்தது.

அடுத்த மாத வழவழா வந்தது. சங்கரன் வழக்கத்துக்கு மேலாக அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். மங்கையர்க்கரசி மாடிப்படியில் எதிர்ப்பட்டு, "பிரணவ் சௌக்கியமுங்களா? உடம்பெல்லாம் நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டாள். எப்போதும் கேட்கிறதுதான். இருந்தாலும் ருக்மிணிக்குக் காய்கறிப் பை கையிலிருந்து நழுவிற்று. நீலா பார்த்த இடத்தில் சிரித்தாள். அவள் கரண்ட் போனாலும் சிரிக்கிற பெண், அதை வைத்து என்ன கண்டுபிடிப்பது?

கடைசியில் நீலாவே மேலே கொண்டுவந்து கொடுத்தாள். "இந்த மாசம் ஒண்ணும் விசேஷம் இல்ல ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் இறங்கிப் போனாள்.

ருக்மிணி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு புரட்டினாள். முன்னிருந்து பின், பின்னிருந்து முன். பிள்ளையைக் காணோம். ஓரிடத்தில் மட்டும் தையலை ஒட்டி ஸ்கேல் வைத்துக் கிழித்தாற்போல ஒரு தாள் போயிருந்தது.

முதலில் உயிர் வந்தது. பிறகு, வந்த உயிர் மறுபடி போயிற்று. கிழித்தது யார்? மனசு இரங்கிக் கிழித்தார்களா, இல்லை, எங்கேயாவது பீரோவில் வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறார்களா? கேட்டால் தெரிந்துவிடும். கேட்பதென்றால் அந்தத் தாளில் என்ன இருந்தது என்று அவள் வாயாலேயே சொல்ல வேண்டும்.

பேனாவோடு வந்து உட்கார்ந்த பத்ரிநாத் இரண்டு தடவை புரட்டினார்.

"அறுபத்திரண்டுக்கு அப்புறம் அறுபத்தஞ்சு வரது. குறுக்கெழுத்துப் பக்கத்தையே காணோமே."

பிள்ளையின் முதுகுப்பக்கம்தான் குறுக்கெழுத்து என்று ருக்மிணிக்கு அப்போதுதான் உறைத்தது.

"போனாப் போறது, விடுங்கோ."

"எப்படி விடறது? நாலு பேர் சொத்து இது."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். ருக்மிணி மாடிப்படி வளைவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீலா வீட்டு மணி அடித்தது. அவர் குரல் கணீரென்று கேட்டது, நீலா குரல் கேட்கவே இல்லை. அடுத்து மங்கையர்க்கரசி வீடு. கீழே சங்கரன் வீட்டில் கதவைச் சாத்தும் சத்தம் வந்தது.

திரும்பி வந்தவர் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"மூணு பேரும் ஒரே மாதிரி தெரியாதுங்கறா. மங்கையர்க்கரசி உக்காரவெச்சுக் காபி குடுத்தா. சங்கரன் என் கையைப் பிடிச்சிண்டு, குறுக்கெழுத்தெல்லாம் ஒரு பெரிய விஷயமா சார், காலம் மாறிண்டிருக்குங்கறார். எதுக்கு இத்தனை மரியாதை?"

அவள் வழவழாவை மூடி அலமாரியில் வைத்தாள்.

"யார்கிட்டயும் கெஞ்ச வேண்டாம். நாளைக்குக் கேம்ப் பஜார் பக்கம் போறேன். கடையிலே புதுசா முழுப் புஸ்தகம் ஒண்ணு வாங்கிண்டு வந்துடறேன்."

"ஏன்னா" என்றாள் ருக்மிணி.

"என்ன?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். மேல் பொத்தான் போட்டபடியே இருந்தது.

"நாளைக்கு மழை வரும்போல இருக்கு," என்றாள். "குடையை எடுத்துண்டு போங்கோ."