பன்னிரண்டு வயதுப் பையனுக்கு ஒரு பைக்

கடைக்குள் போய் நின்று, "எனக்கு ஒரு பைக் வேணும்" என்று சொல்ல என்ன பெரிய சாமர்த்தியம் வேண்டியிருக்கிறது? மொத்தம் நாலே சொல். பேசத் தெரிந்த குழந்தைகூடச் சொல்லிவிடும். குட்டிக்கு வரவில்லை. பஸ்ஸில் முக்கால் மணி நேரம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவள், கடைக்காரர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி, "பைக் யாருக்கு மேடம்? பிள்ளைக்கா?" என்று கேட்டதும், "ஆமா, பையனுக்கு" என்று சொல்லிவிட்டாள்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். குட்டி கல்யாணமே இல்லாமல், ஒரே பொய்யில் பிள்ளையே பெற்றுவிட்டாள்.

குட்டி என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். கடைசியாகப் பிறந்தவள், வளர்வதையும் பாதியில் நிறுத்திக்கொண்டவள். நாற்பத்து மூன்று வயது, உயரம் நூற்று நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அக்கா ஒருத்திதான் மிச்சம். அக்காவுக்கோ பேரன் பேத்தி வந்தாயிற்று. மாதம் ஒருமுறை போன் செய்து, "சாப்பிட்டியா? உடம்பைப் பாத்துக்கோ" என்று சொல்லி வைத்துவிடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவரவர் பாடு அவரவருக்கு.

குட்டிக்கு வேலை பல் லேபில். டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்பும் மாவுக்கட்டுத் தாடைகளுக்கு மெழுகில் பல் அடுக்கி, செட்டாகச் செய்து அனுப்ப வேண்டும். பத்தொன்பது வருடமாக அதே ஜன்னலோர மேஜை. தாடையோடு வரும் சீட்டில் ஆணா பெண்ணா, என்ன வயது, பல் என்ன நிறம் என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது. மிச்சத்தைக் குட்டி தானாகவே சேர்த்துக்கொள்வாள். இவர் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர், மனசில் ஏதோ இருக்கிறது. இந்த அம்மா ஒரு பக்கமாகவே மெல்லுகிறாள், பிடிவாதக்காரி. இப்படி ஊரில் பாதிப் பேரை முகம் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். எத்தனையோ பேர் அவள் செய்த பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவளைப் பார்த்துச் சிரித்தவர் ஒருவரும் இல்லை.

லேபுக்குப் பின்னால் கைவிட்ட கல்குவாரி ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே மண்பாதையில் பைக் ஓட்ட ஆட்கள் வருவார்கள். பெரும்பாலும் அப்பாக்களும் பிள்ளைகளும். வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்வதற்குப் பதில் இங்கே மண்மேட்டில் உட்காரலாமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனவள், அதற்குப் பிறகு ஒரு வாரம்கூடத் தவறவிடவில்லை. ஒரு நாள், முட்டி உயரத்துக்கு இருந்த பைக்கில் ஒரு சின்னப் பெண் வந்து, திருப்பத்தில் சறுக்கிப் புழுதியில் உருண்டாள். யாரும் கத்தவில்லை. அவளே எழுந்தாள், பின்பக்கத்தைத் தட்டிவிட்டாள், பைக்கை நிமிர்த்தினாள், போய்விட்டாள். குட்டி எழுந்து நின்று, அவள் மறையும் வரை பார்த்தாள். பொறாமைதான், வேறென்ன. பிறந்ததிலிருந்து எந்த ஸ்கூட்டரிலும் தரை எட்டாமல் பஸ்ஸுக்கு நின்றே பழகிய கால்கள் அவளுடையவை. இப்படி ஒரு வண்டி உலகத்தில் இருக்கிறது என்று யாராவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?

அப்படித்தான் அவள், மண்பாதையில் பிள்ளைகள் ஓட்டும் பைக் விற்கிற இந்தக் கடைக்கு வந்தது. வந்த இடத்தில்தான் பையன் பிறந்தான்.

"என்ன வயசு?" என்றார் கடைக்காரர்.

"பன்னெண்டு."

"உயரம்?"

"நூத்தி நாப்பத்திரெண்டு."

"அட, கணக்கா சொல்றீங்களே. நிறைய பேரு கையை நெஞ்சுக்கு நேரா வச்சு 'இவ்ளோ இருப்பான்'னுவாங்க. எடை?"

"நாப்பத்தோரு கிலோ. கவட்டிலிருந்து தரை வரைக்கும் அறுபத்தஞ்சு சென்டி." வீட்டில் சுவரோரம் நின்று, கால்களுக்கு நடுவில் புத்தகத்தை வைத்து அளந்துகொண்டு வந்திருந்தாள்.

கடைக்காரருக்குப் பரம திருப்தி. அவர் பேச்சும் கை வேலையும் ஒன்றாகவே நடக்கும் ரகம். சின்ன பேட்டரி வண்டியைக் காட்டினார். அது ஏழெட்டு வயதுக்கு, ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஐம்பது சிசி கியரில்லாத வண்டி பழகச் சுலபம், ஆனால் மூன்றே மாதத்தில் சலித்துவிடும். நூற்று இருபத்தைந்து பார்க்க ஆசையாக இருக்கும், முதல் வண்டியாக எடுத்தால் அது நம்மை ஓட்டும். கடைசியாக, மூலையில் நின்ற பச்சை நிற நூற்றுப் பத்து சிசி வண்டியின் சீட்டைத் தட்டினார்.

"சீட் உயரம் அறுபத்தாறு. ஏறி உட்கார்ந்தா ரெண்டு மூணு சென்டி அமுங்கும். இதுதான் சரி. ஆனா வளர்ற வயசாச்சே மேடம், ஒரு சைஸ் பெரிசா எடுத்துடலாமான்னு கேப்பாங்க."

"வேணாம். அவன் இனிமே வளர மாட்டான்."

கடைக்காரர் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க வீட்டுல எல்லாருமே குள்ளம்" என்றாள் குட்டி அவசரமாக.

"அதுக்கென்ன. மூர்த்தி சிறிசானாலும் கீர்த்தி பெரிசு. பையன் எப்படி, துணிச்சல்காரனா?"

குட்டி யோசித்தாள். "பயந்தவன்தான். ஆனா பயமா இருக்குன்னு வெளிய சொல்ல மாட்டான்."

"கூட ஓட்ட ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்களா?"

"இல்ல. தனியாவே இருந்து பழகிட்டான்."

கடைக்காரர் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். பிறகு பேனாவைக் காதில் செருகி, "சரி, சனிக்கிழமை பையனைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

"அவன் எதுக்கு? நான்தான் அளவெல்லாம் சொல்லிட்டேனே."

"முதல் பைக்கை ஓட்டுறவர் ஏறி உட்காராம நான் விக்கிறது இல்ல மேடம். ரெண்டு குதிகாலும் தரையில படணும், அதை என் கண்ணால பாக்கணும். ஒருத்தர் இப்படித்தான், பிறந்த நாளுக்கு, பிள்ளைக்குத் தெரியாம வாங்கிட்டுப் போறேன்னாரு. ஒரு சைஸ் பெரிசு. முதல் தடவை நிறுத்தும்போதே கால் எட்டாம சாஞ்சு, முழங்கால் போச்சு. அந்தப் பிள்ளை அப்புறம் பைக்கைத் திரும்பிப் பாக்கல. அதுக்கப்புறம் நான் யாருக்காகவும் மாத்திக்கிறதில்ல."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? குட்டி சரியென்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

அந்த வாரம் பூராவும் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. பொய் சொன்ன குற்ற உணர்ச்சி என்று நினைத்தால் அது தப்பு. திங்கட்கிழமை பஸ்ஸில் போகும்போதே அவன் பள்ளிக்கூடத்தில் எந்த பெஞ்சில் உட்காருவான் என்று யோசித்துவிட்டாள். முதல் பெஞ்ச்தான், குள்ளமாயிற்றே. செவ்வாய்க்கிழமை லேப் அலமாரியில், பல்லுக்குக் கம்பி போட்டு வேலை முடிந்த பிள்ளைகளின் தாடை அச்சுகள் அடுக்கியிருந்த தட்டைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பன்னிரண்டு வயது என்று எழுதியிருந்த ஏழில் ஒன்று அவனுக்குப் பொருந்தியது. கோரைப்பல் ஒன்று இடமில்லாமல் முன்னால் ஏறியிருந்தது. கம்பி போட வேண்டும், அவன் போட மாட்டேன் என்று அடம்பிடிப்பான், ஒரு வாரம் சண்டை நடக்கும். கையில் அந்தத் தாடையை வைத்துக்கொண்டு அந்தச் சண்டையை முழுசாகப் போட்டுப் பார்த்தாள். பக்கத்து மேஜைக்காரர், "என்ன, ஏதாவது உடைஞ்சிடுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றாள். சுகமாக இருந்தது. அதுதான் வெட்கம். அவள் வாழ்க்கையில் ஒருவரோடும் ஒரு வாரம் தொடர்ந்து சண்டை போட்டதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் விடிந்தால் சனிக்கிழமை என்பது உறைத்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஒரு மணி நேரத்துக்குக் கடன் கேட்கலாமா என்றுகூடப் போனது புத்தி. அந்தப் பிள்ளை கால் நீளமாக இருந்தால் வண்டியும் நீளமாகிவிடும். காய்ச்சல் என்று சொல்லலாம். எத்தனை சனிக்கிழமைக்குக் காய்ச்சல் வரும்? போகாமலே இருந்துவிடலாம். அதுதான் இருக்கிற வழிகளிலேயே சுலபம். வாழ்க்கையில் பாதி விஷயத்தை அவள் அப்படித்தான் முடித்திருக்கிறாள்.

ஆனாலும் மறுநாள் பத்து மணிக்குக் கடை வாசலில் நின்றாள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

பச்சை வண்டி கடைக்கு நடுவில், துடைத்து வைத்தபடி நின்றது. கடைக்காரர் அவளுக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தார்.

"பையன் எங்க? வெளிய நிக்கிறானா?"

"வரல."

"உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார்." குட்டி கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பையன்னு யாரும் இல்ல. பைக் எனக்குத்தான்."

கடைக்காரர் அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். நூற்று நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று, அறுபத்தைந்து. அவர் மனதில் கணக்கு ஓடியதை முகத்திலேயே பார்க்க முடிந்தது. சிரிப்பார் என்று குட்டி காத்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை. வண்டியின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, "ஏறுங்க" என்றார்.

ஏறினாள். சீட் அமுங்கியது. அவர் தரையில் உட்கார்ந்து, ஒரு காகிதத்தை முதலில் இடது குதிகாலுக்குக் கீழேயும் பிறகு வலது குதிகாலுக்குக் கீழேயும் நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை.

"ரெண்டும் பட்டிருக்கு. பிரேக்கைப் பிடிங்க, விரல் எட்டுதா?"

"எட்டுது."

"பயந்தவன்னு சொன்னீங்க. அதனால வேகம் ஒரு அளவுக்கு மேல போகாம ஸ்க்ரூ வச்சுக் குறைச்சிருக்கேன். எடுத்துடட்டுமா?"

"இருக்கட்டும்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வண்டி கிடைத்ததற்கு அழுகிறாள் என்று கடைக்காரர் நினைத்திருப்பார். தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குட்டி அழுதது அதற்கில்லை. முதல் பெஞ்சில் உட்கார்ந்தவன், கோரைப்பல் ஏறியவன், கம்பி போட மாட்டேன் என்றவன், ஆறு நாள் அவளோடு இருந்தவன் போய்விட்டான். அவள்தான் அனுப்பினாள். அவனுக்காக அழ இந்த உலகத்தில் அவளைத் தவிர யார் இருக்கிறார்கள்?

கடைக்காரர் பாட்டிலைத் திரும்ப வாங்கி மேஜையில் வைத்தார். பிறகு உள்ளே போய் ஒரு ஹெல்மெட்டைக் கொண்டுவந்தார். அதன் உட்புறம் வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. மார்க்கர் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினார்.

"இது எல்லாருக்கும் எழுதுறது. மண்பாதையில விழுந்தா பக்கத்துல இருக்கிறவங்க யாருக்குப் போன் பண்ணணும்? நம்பர் சொல்லுங்க."

குட்டி லேப் நம்பரைச் சொன்னாள்.

"ஆபீஸ் நம்பரா? ஞாயித்துக்கிழமை எடுப்பாங்களா?"

"எடுக்க மாட்டாங்க."

"வீட்டுல வேற யாராவது?"

அக்காவைச் சொல்லலாம். எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில், மடியில் பேத்தியோடு இருக்கும் அக்காவுக்கு யாரோ தெரியாத ஒருவர் போன் செய்து, உங்க தங்கச்சி பைக்கிலிருந்து விழுந்துட்டாங்க என்றால், அவள் முதலில் கேட்பது "எந்தப் பைக்?" என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகும் அவளால் ஒன்றும் செய்ய முடியாது. குட்டி வரிசையாக யோசித்துப் பார்த்தாள். வரிசை அதிக நேரம் எடுக்கவில்லை.

கையை நீட்டி மார்க்கரை வாங்கினாள். ஹெல்மெட்டை மடியில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, லேபில் சீட்டு எழுதுகிற அதே அழகான கையெழுத்தில் பத்து எண்களையும் எழுதிக் கொடுத்தாள்.

கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். பில்லுக்காக அவள் கொடுத்திருந்த நம்பரோடு ஒப்பிட்டும் பார்த்தார்.

"இது உங்க நம்பர்தானே மேடம்? விழுந்து கிடக்குறவங்களுக்கே போன் பண்ணச் சொல்றீங்களா?"

"ஆமா சார். போன் அடிச்சா எழுந்துடுவேன். எனக்கு வர்ற போனை நான் எடுக்காம விட்டதே இல்ல."

கடைக்காரர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். வாசல் கதவை முழுசாகத் திறந்துவிட்டு, வண்டியை இறக்கப் பலகையை எடுத்துப் போட்டார்.