நிலநடுக்க விளையாட்டு

நிவாரண முகாமாக மாறியிருந்த பள்ளி மண்டபத்துக்குள் தோகுஜி தண்ணீர்க் கேன்களோடு நுழைந்தபோது பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஆடுது! ஆடுது! நீ செத்துட்ட, எழுந்திரிக்காதே!"

அட்டைப் பெட்டிகளை அடுக்கி வீடு கட்டி, நாலைந்து பேராய்ச் சேர்ந்து உலுக்கித் தள்ளினார்கள். சரிந்த பெட்டிகளுக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"மிஹாரு, தூங்கிடாதே. பாட்டுப் பாடு. அம்மா கேட்டுக்கிட்டே இருக்கேன்."

கேன் கையைவிட்டு நழுவியது. குரல் அவன் மகள் மிஹாருவுடையது. பேச்சோ அவன் மனைவி யுகாரியுடையது.

அவர்கள் வாழ்ந்த நோதோ கடற்கரையையே புரட்டிப்போட்ட நிலநடுக்கத்தில் கூரை விழுந்து யுகாரி இறந்துவிட்டாள். அப்போது அவன் துறைமுகத்தில் நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஆறு வயது மிஹாருவை அக்கம்பக்கத்தார் அதே இடிபாட்டுக்கடியிலிருந்து மயங்கிய நிலையில்தான் வெளியே எடுத்தார்கள். பிள்ளைக்கு ஒன்றும் நினைவிருக்காது என்று எண்ணி, அம்மா கனசவா நகர ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொல்லிவைத்திருந்தான். அம்மா எப்போது வருவாள் என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்காதவரை நல்லதென்று இருந்துவிட்டான்.

இப்போது ஓரத்தில் கிடந்த பெட்டியை எட்டி உதைத்தான். "நிறுத்துங்க! விளையாடுற விஷயமா இது?"

பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். மிஹாரு மட்டும் அட்டைக்கடியில் சுருண்டு கிடந்தாள். பாலர் பள்ளி ஆசிரியை நவோரி ஓடிவந்து அவன் தோளைப் பிடித்தாள்.

"மிஹாரு அப்பா, கத்தாதீங்க. வாயால சொல்லத் தெரியல, விளையாடிக் காட்டுறாங்க. பக்கத்துல உட்கார்ந்து பேசுங்க."

"என்ன சொல்றதுன்னே தெரியலையே, டீச்சர்."

"எது வேணா சொல்லுங்க. பொய் மட்டும் வேண்டாம்."

அவன் மண்டியிட்டு அட்டையை விலக்கினான். "மிஹாரு, அம்மா ஆஸ்பத்திரியில இல்லம்மா..." அவள் கையைப் பிடித்தான். "அம்மா இறந்துட்டாங்க."

"தெரியும்."

"தெரியுமா?"

"அம்மா கையைப் புடிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன். அப்புறம் அம்மா பேசவே இல்ல. கை ஜில்லுனு ஆயிடுச்சு." அவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் தெரியாதுன்னு நினைச்சேன். சொன்னா அழுவீங்கல்ல?"

இத்தனை நாளும் இந்தப் பிஞ்சு தனக்காக வாயை மூடிக்கொண்டிருந்ததா? மண்டபமே திரும்பிப் பார்க்க, வாய்விட்டு அழுதான்.

மிஹாரு மிரண்டுபோய் நவோரியைப் பார்த்தாள். "நான் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னது நல்லதுதான் கண்ணு. அப்பாவுக்கு அழுகை வருது, அழட்டும். உனக்கு வந்தா நீயும் அழு."

அவள் அழவில்லை. அவன் மடியில் ஏறி உட்கார்ந்து மெல்லக் கேட்டாள்:

"எனக்குத் தாகமா இருந்துச்சுப்பா. நடுவுல பாடாம இருந்துட்டேன். அதனாலயா அம்மா...?"

"இல்லம்மா! இல்லவே இல்ல. வீடு விழுந்ததாலதான். நீ கூட இருந்தே. அம்மா தனியா இல்ல."

நம்பினாளா, தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள். அவனும் அதையே மறுபடி சொன்னான்.

மத்தியானம் கிண்ணத்தில் மிசோ சூப் வந்தது. இரண்டு வாய் குடித்தவள் முள்ளங்கித் துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"இவ்ளோ பெருசாவா நறுக்குவாங்க? அம்மா சின்னதா நறுக்குவாங்க," என்றவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

தோகுஜி அவளை அடக்கவில்லை. கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, இறுகக் கட்டிக்கொண்டான்.