கொட்டகைப் பந்தி

சுவாமிநாதன் மாஸ்டர் பந்தியில் உட்காரமாட்டார். சேலம் நகரில் கூடைப்பந்து என்ற சொல்லைக் கேள்விப்பட்டவர் எவரும் இதையும் கேள்விப்பட்டிருப்பர்.

அவர் கல்லூரி அணிக்குப் பயிற்சியாளராக வந்த பிறகுதான் மாகாணக் கோப்பை மும்முறை தொடர்ந்து இந்த ஊருக்கு வந்தது. ஆனால் மேடையேறிய எவரும் முதலில் கோப்பையைப் பற்றிப் பேசுவதில்லை. விடுதிக் கூடத்தில் பந்தியின் முதல் இலையான தலையிலையில் அமர வேண்டிய அந்த மனிதர், தம் இலையைத் தாமே ஏந்திக்கொண்டு வெளியே வண்டிக் கொட்டகைக்குப் போய், அங்கே தனித்து உட்காரவைக்கப்பட்ட கந்தனோடு உண்டாரே, அதைப் பற்றியே பேசுவார்கள். பேசுகிறவரின் கண் கலங்கும். கேட்கிறவர்களின் கை தட்டும். கந்தனைக் கொட்டகையில் உட்காரவைத்தவர் யார் என்று கேட்டவர் மட்டும் அந்தக் கூட்டங்களில் ஒருவருமில்லை.

கந்தன் இராசிபுரத்துக்கு அருகில் ஒரு சேரியில் பண்ணைக் கூலிக்கு மகனாகப் பிறந்தவன். அரசாங்கத்தின் உபகாரச் சம்பளத்தில் கல்லூரிக்கு வந்தான். அந்நாளில் பந்து கூடையில் விழும் ஒவ்வொரு முறையும் அதை நடுவட்டத்திற்குக் கொண்டுவந்து, இரண்டு அணியின் நெட்டையர்களுக்கு நடுவே மேலே எறிவார்கள். எழும்பித் தட்டுகிறவனின் அணிக்கே பந்து. கந்தன் எழும்பினால் பந்து வேறெங்கும் போனதில்லை. மூன்று கோப்பைகளும் அந்த ஒரு கையின் உயரத்தில் நின்றன.

படிப்பு முடிந்ததும் அவன் சென்னையில் தங்கி உடற்பயிற்சி ஆசிரியருக்கான சான்றிதழ் பெற்றான். பிறகு சேரிப் பிள்ளைகளுக்காகத் தொழிலாளர் இலாகா நடத்திய ஒரு சிறு பள்ளியில் வாத்தியாரானான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதில் சுவாமிநாதன் மாஸ்டர் ஓய்வு பெறும் செய்தி வந்தபோது, அந்த வேலைக்கு விண்ணப்பித்தான். யாரை நியமிப்பது என்பதைப் பழைய ஆட்டக்காரர் சங்கமே சொல்லட்டும் என்று நிர்வாகம் ஒதுங்கிக்கொண்டது. ஆண்டு விழாவன்று காலையில் ஆட்டம், ஆட்டம் முடிந்ததும் முடிவு, முடிவுக்குப் பின் விருந்து.

அன்று விடியலில் புறப்பட்ட கந்தனிடம் அவன் மனைவி சாலம்மாள் கேட்டாள்: “ஏனுங்க, இன்னைக்குச் சோறு உள்ளயா, வெளியயா?”

“மாஸ்டரோட உக்காந்து திங்கறது உனக்கு எளக்காரமா இருக்குதா?”

“அவரு வெளிய வந்தாப் பெரிய மனுசன். நீங்க வெளிய இருந்தா நீங்க யாருங்க?”

“இந்த வேலை வந்துருச்சுன்னா தலையிலையே எனக்குத்தான். பயிற்சியாளர் முதல் கவளம் எடுத்தாத்தான் பந்தியே கை வைக்கும். தெரியுமா உனக்கு?”

“வந்து சொல்லுங்க. கேட்டுக்கறேன்,” என்று அவள் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆட்டம் பழைய ஆட்டக்காரர்களுக்கும் இன்றைய மாணவர்களுக்கும். நடுவட்டத்து விதி அதற்குள் மாறிவிட்டிருந்தது. ஆயினும் ஆண்டு ஆட்டத்தைப் பழைய விதிப்படியே ஆட வேண்டும் என்று பழையவர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். காரணம் கந்தன்தான். அம்மாபேட்டை நூல் வியாபாரி சண்முகவேல், அந்நாளைய அணித்தலைவர், இப்போது தொந்தியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

“இங்க குடுறா, கந்தா!”

“வயித்தை உள்ள இழு சண்முகவேலு, பந்து தெரியல.”

களத்தில் ‘ங்க’ போட நேரமில்லை. ஊதல் ஊதியதும் அது திரும்பி வந்துவிடும். பழையவர்கள் வென்றார்கள். சண்முகவேல் வியர்வை வழியக் கந்தனைக் கட்டிப்பிடித்துத் தூக்க முயன்று தோற்றார்.

“வேட்டி கழண்டுக்குமுங்க, உடுங்க,” என்றான் கந்தன்.

வியர்வைக்குத் தீட்டில்லை. பந்துக்குத் தீட்டில்லை. கோப்பையைச் சுமந்து வரும் தோளுக்கும் தீட்டில்லை. அரிசி வெந்து சோறானதும் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொள்ளும் தீட்டு இது. இதைக் கண்டுபிடித்தவன் பசியறியாதவனாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

கோப்பைகள் வைத்திருந்த அறையில் சங்கம் கூடியது. மாஸ்டர் நடுவில் அமர்ந்தார். ஒரு பக்கம் சண்முகவேல். மறுபக்கம் அதே அணியில் ஆடிய திருச்செங்கோட்டு வக்கீல் செங்கோடன். கந்தனையும் அழைத்து உட்காரவைத்தார்கள். நாற்காலிதான் தந்தார்கள். குறை சொல்ல முடியாது.

“கந்தனுக்கு மேல ஆட்டம் தெரிஞ்சவன் இந்த ஜில்லாவுலயே கெடையாதுங்க மாஸ்டர்,” என்று தொடங்கினார் சண்முகவேல். “படிச்ச படிப்பும் இருக்குது. அதுல ரெண்டு பேச்சில்லை. ஆனா பந்தின்னு ஒண்ணு இருக்குதே.”

“தலையிலையில கந்தன் உக்காந்தாப் பசங்க எந்திரிச்சுப் போயிருவாங்க,” என்றார் செங்கோடன். “பசங்க உக்காந்தாலும், விசயம் தெரிஞ்சா அப்பங்காரன் வந்து ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவான்.”

கந்தன் அவரைப் பார்த்தான். “போன மாசம் ஆத்தூர்ல, எங்களையக் கோவிலுக்குள்ள உட்டே ஆகோணும்னு மேடையில பேசுனீங்களாமே. கேட்டவங்க சொன்னாங்க.”

“பேசுனேன். இன்னைக்கும் பேசுவேன். சாமி எந்திரிச்சுப் போகாது கந்தா. பசங்க போயிருவாங்க.”

சண்முகவேல் சிரித்தார். சிரித்த பிறகு, சிரித்திருக்க வேண்டாம் என்று தோன்றியதுபோல் கோப்பைகளைப் பார்த்தார்.

அப்போது மாஸ்டர் கை உயர்த்தினார். களத்தில் அந்தக் கை உயர்ந்தால் ஐந்து பேரும் நின்றுவிடுவார்கள். இப்போதும் பேச்சு நின்றது.

“எதுக்கு இந்தப் பேச்சு? பேருக்கு நானே இருந்துக்கறேன். மைதானத்துல கந்தன் சொல்றதுதான் சட்டம். சோத்து நேரத்துக்கு நான் பழையபடி கொட்டகைக்கு வந்தர்றேன். அவனைத் தனியா உட்டுருவனா?”

அறையில் பெருமூச்சு எழுந்தது. வக்கீலின் கண்கள் பனித்தன. எவ்வளவு பெரிய மனம், இந்த வயதிலும்! பிரச்சினை தீர்ந்துவிட்டது. எப்போதும் தீர்ந்தது போலவே, எதுவும் மாறாமல் தீர்ந்துவிட்டது.

“மாஸ்டர், ஒண்ணு கேக்கலாங்களா?” என்றான் கந்தன்.

“கேளு சாமி.”

“உங்க இலையை எடுத்துக்கிட்டு நீங்க வெளிய வந்தீங்க. ஒரு நாளாச்சும் என் இலையை எடுத்துக்கிட்டு உள்ள போயிருந்தீங்கன்னா என்னாயிருக்குமுங்க?”

மாஸ்டர் பொய் சொல்லிப் பழகாதவர். சற்று யோசித்தே சொன்னார். “அணி ஒடஞ்சிருக்கும். ஆட்டம் நின்னிருக்கும். இந்தக் கோப்பை ஒண்ணும் வந்திருக்காது.”

“அப்பக் கோப்பைக்காக வந்தீங்க.”

“உனக்காகவுந்தான் சாமி.”

இத்தனை ஆண்டுகளாகத் தன் வாழ்வின் பெருமையென்று நெஞ்சில் ஏந்தியிருந்ததை அந்த ஒரு சொல்லில் கந்தன் திருப்பிப் பார்த்தான். அன்று தான் மட்டும் தனியே அந்தக் கொட்டகையில் மாடுகளுக்கு நடுவே உண்டிருந்தால், உள்ளே இருந்தவர்களில் ஒருவனுக்கேனும் சோறு தொண்டையில் சிக்கியிருக்கும். ஒருவனேனும் இலையை மடித்திருப்பான். மாஸ்டர் வெளியே வந்தார். உள்ளே அனைவருக்கும் சோறு சுகமாக இறங்கிற்று. கொடுமை செய்தவர்கள் வெட்கப்பட வேண்டிய இடத்தில் இவருடைய கருணை போய் உட்கார்ந்துகொண்டு, அவர்களைக் கைதட்டவும் வைத்துவிட்டது.

“பேருக்கு நீங்க, வேலைக்கு நானு. அது எனக்கு வேண்டாமுங்க,” என்று எழுந்தான்.

“கோவத்துல பேசாத. விருந்து முடியட்டும்,” என்றார் சண்முகவேல்.

“வாரேனுங்க.”

அவன் வெளியேறினான். அறையில் இருந்தவர்கள் கலங்கவில்லை. கோபித்துக்கொண்டவன் எங்கே போவான்? வெயிலில் கொஞ்சம் நடந்துவிட்டுக் கொட்டகைக்குத்தான் வருவான் என்று அவர்கள் நினைத்தார்கள். அவனுக்கு அங்கே ஓர் இடம் இருக்கிறது என்று அவர்கள் மனமார நம்பினார்கள்.

கூடத்தில் பந்தி அமர்ந்தது. இலை போட்டு, பருப்பும் நெய்யும் இட்டார்கள். அன்று மாஸ்டரின் கடைசி விருந்து. அவர் ஒரு கையில் தம் இலையையும் மறு கையில் கந்தனுக்கான இலையையும் ஏந்திக் கொட்டகையை நோக்கி நடந்தபோது, மொத்தப் பந்தியும் எழுந்து நின்று கைகூப்பியது. அவர் வைக்கோலைத் தள்ளி இடம் செய்தார். இரண்டு இலைகளையும் விரித்துத் தண்ணீர் தெளித்தார். பரிமாறுகிறவன் இரண்டிலும் சோறிட்டான். மாஸ்டர் உட்கார்ந்து காத்திருந்தார்.

வழக்கப்படி சண்முகவேல் கூடத்து வாசலில் நின்றார். கொட்டகையில் மாஸ்டர் சோற்றில் கைவைத்ததும் உள்ளே திரும்பிச் சொல்வது அணித்தலைவரின் கடமை. மாஸ்டர் கைவைக்கவில்லை. சோறு ஆறியது. நெய் உறைந்தது. காலையில் ஆடிய பிள்ளைகள் பசியோடு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

பரிமாறுகிறவன் தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். “இராசிபுரம் பஸ்ஸுல ஏறிப் போயிட்டாருன்னு சொல்றாங்க.”

சண்முகவேல் கொட்டகைக்கு இறங்கி வந்தார். “மாஸ்டர், கந்தன் போயிட்டானாமுங்க. பசங்க பசியோட உக்காந்திருக்காங்க. நீங்க கை வைக்கோணும்.”

“இங்க தனியாவா?” என்றார் மாஸ்டர்.

“எதுக்குங்க தனியா? உள்ள வாங்க.”

மாஸ்டர் கந்தனுக்கு விரித்த இலையைப் பார்த்தார். பிறகு தம் இலையை ஏந்திக்கொண்டு எழுந்தார். கொட்டகைக்கும் கூடத்துக்கும் இடையே ஒரு முற்றம்தான். படியேறினார். ஒருவரும் தடுக்கவில்லை. ஒருவரும் எழுந்து போகவில்லை. தலையிலை அத்தனை காலமும் அவருக்காகவே காத்திருந்தது போல் காலியாக இருந்தது. அவர் உட்கார்ந்தார், முதல் கவளம் எடுத்தார், பந்தி கை வைத்தது. பயிற்சியாளர் வேலைக்குத் தகுதியானவர் எவரும் கிடைக்கவில்லை என்று மோர் ஊற்றும் வேளையில் செங்கோடன் தீர்மானம் சொன்னார். அனைவரும் தலையசைத்தார்கள்.

கொட்டகையில் விரித்துக் கிடந்த இலையைக் கட்டுத்தறியிலிருந்த காளை கழுத்தை நீட்டி இழுத்துத் தின்றது. யாரும் அதை விரட்டவில்லை.