பனி என்று சொன்னது

அவள் அன்று ‘இது பனிதான்’ என்று சொன்னாளா, ‘இதுகூடப் பனின்னு தெரியலையா’ என்று கேட்டாளா என்பதில் அவளுக்கே இப்போது நிச்சயமில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அதில் மட்டும் சந்தேகமே இல்லை.

ஆய்வுக்கூடத்தின் வாராந்தரக் கூட்டம் அது. திரையில் அகச்சிவப்பு நிறமாலை ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தவன் அவளுடைய கொழுந்தன். உறையவைத்த ஹைட்ரஜன் கட்டிக்குள் மெத்தனால் மூலக்கூறுகளைச் சிக்கவைத்து, அவை எத்தனை எத்தனையாகக் கூடியிருக்கின்றன என்று ஒளியைச் செலுத்திப் பார்ப்பதுதான் அங்கே எல்லோருக்கும் வேலை. அவன் காட்டிய வரைகோட்டில் புதிதாக ஒரு மேடு தெரிந்தது. ஐந்து மூலக்கூறுகள் வளையமாகக் கைகோத்திருப்பதன் அடையாளம் என்றான்.

கருவியின் ஜன்னலில் காற்றின் ஈரம் பனியாகப் படிந்தாலும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் மேடு வரும். அதைத்தான் அவள் சொன்னாள். வீட்டு ஆளுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாதே என்று, வேறு எவரிடமும் காட்டாத கடுமையோடு சொன்னாள். கட்டியைச் சற்றே சூடேற்றிச் சோதித்துப் பார்க்க ஒரு நாளைக்குக் கருவி வேண்டும் என்று, கருவி நேரத்தை ஒதுக்கும் பொறுப்பிலிருந்த அவளிடம் அவன் கேட்டான்.

“பனியைப் பார்க்க ஒரு நாளா?” என்றாள்.

அந்த வாரமே அவன் பெயர் ‘ஐஸ் வண்டி’ ஆயிற்று. சில மாதங்களில் முடியவிருந்த அவனுடைய ஒப்பந்தத்தை நீட்டிப்பதில்லை என்று ஆய்வுக்கூடத் தலைவர் முடிவு செய்தார்.

அது முடிவதற்குள், வேறு வேலைக்காக அவளே ஒரு மெத்தனால் கட்டி வளர்த்தாள். உறைந்த ஹைட்ரஜன் ஒரு குவாண்டம் திடப்பொருள். எவ்வளவு குளிர்ந்தாலும் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே இருக்கும். சிக்கியவற்றை இறுக்கிப் பிடிக்காது. கொஞ்சம் சூடு பட்டால் போதும், அவை நகர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். சேர்ந்தன. தனி மூலக்கூறுகளின் கோடு தாழ்ந்தது. அவன் காட்டிய அதே மேடு எழுந்தது. ஜன்னல் பனியாக இருந்தால் அது பாட்டுக்கு அப்படியே கிடந்திருக்கும்.

அவனுடைய பழைய வரைகோட்டை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் அவளும் கொழுந்தனும் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

“தம்பி, அது பனியில்ல.”

“எது அண்ணி?”

“உன்னோட மேடு. சூடேத்திப் பார்த்தேன். வளருது.”

காலுறைக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. “எனக்குத் தெரியும்.”

“தப்பு என்னோடதுதான். மனசு கேக்கல.”

“இதை ஏன் என்கிட்ட சொல்றீங்க? சிரிச்சவங்ககிட்ட சொல்லுங்க.”

உள்ளே இருந்து அவள் கணவன் குரல் கொடுத்தான். “அங்க என்னடா ரகசிய மாநாடு? என் நீலச் சட்டை எங்க?”

“உன் முதுகுக்குப் பின்னாடிதான் தொங்குது, கொஞ்சம் கண்ணைத் திற” என்று அண்ணனுக்குப் பதில் சொல்லிவிட்டு, தம்பி குரலைத் தாழ்த்தினான். “வீட்டுக்குள்ள மன்னிப்பு கேக்கறது சுலபம் அண்ணி.”

அவன் சொன்னது சரி என்பதைவிட, தலைவரிடம் தனியாகச் சொல்லிவிட்டால் போதாதா என்று அந்த நிமிடம்கூடத் தன் மனம் கணக்குப் போட்டதுதான் அவளைக் கூச வைத்தது.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றாள். “நான் பனின்னு சொன்னது தப்பு. சோதிக்காம சொன்னேன். அவன் என் கொழுந்தன்ங்கறதாலதான் அப்படிச் சொன்னேன்.”

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் கொழுந்தன் தரையைப் பார்த்தபடி இருந்தான்.

“இதைக் கட்டுரையா எழுதுங்க, அவர் பேரை முதல்ல போடுங்க” என்றார் தலைவர். “அவர் இடத்துக்கு வேற ஆள் எடுத்தாச்சு. அதுக்கு இனி ஒண்ணும் பண்ண முடியாது. சரி, அடுத்து யாரு?”

கட்டுரை வெளிவந்தது, அவன் பெயர் முதலில் இருந்தது. அவன் வாயுவை அளக்கும் கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து வேறு ஊருக்குப் போய்விட்டான். அண்ணனுக்கு அவ்வப்போது ஃபோன் செய்வான். அண்ணியை விசாரித்ததாகச் சொல்லச் சொல்வான். தலைவர் ஓய்வு பெற்றார். அவருடைய நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள்.