அமாவாசைக்குப் பூட்டாத கார்

வேலந்தாவளத்தில் சென்னியப்பனின் முதல் பந்தயக் கார் மாட்டுத் தொழுவத்தில்தான் உருவானது. அவர் மாடு பூட்டிய ரேக்ளா வண்டிப் பந்தயம் ஓட்டியவர். 1984இல் ஒரு பழைய ஃபியட்டை வாங்கி, ஓடுவதற்குத் தேவையில்லாததையெல்லாம் கழற்றிப் போட்டார். பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் அடித்தது போக மிஞ்சிய நீலத்தைக் காருக்கு அடித்தார். இன்றும் அணியின் நிறம் அதுதான்.

அணிக்கு ஒரே ஒரு விதி. அமாவாசையன்று மாட்டை ஏரில் பூட்டுவதில்லை. காரும் ஓடாது.

1988இல் சோழவரத்து இறுதிப் பந்தயம் அமாவாசையில் வந்தது. ஓட்டுநர் மோகனசுந்தரம் புள்ளிகளில் முதலிடத்தில் இருந்தார். கார் தொழுவத்தை விட்டு வெளியே வரவில்லை. மோகனசுந்தரம் அணியை விட்டுப் போகவில்லை. அதன்பின் பந்தயம் ஓட்டவும் இல்லை. மெக்கானிக் ஆனார்.

அணி பிறகு எத்தனையோ கோப்பைகளை வென்றது. சாம்பியன் பட்டம் மட்டும் வரவில்லை. இந்த வருடம் வரக்கூடும். இறுதிப் பந்தயம் கோயமுத்தூரில். ஞாயிற்றுக்கிழமை. அமாவாசை.

சென்னியப்பனின் மகள் யோகப்பிரியா அவரிடம் நுழைவுப் படிவத்தை நீட்டினாள். உரிமையாளர் கையெழுத்து இல்லாமல் கார் பந்தயத் தடத்தில் இறங்க முடியாது.

“காருக்கென்ன மாட்டாட்டம் காலா வலிக்குதுங்ப்பா?”

“நம்மூட்டு வழக்கம், அம்மிணி.”

“மாட்ட வித்தே இருவது வருசமாச்சுங்ப்பா.”

சென்னியப்பன் மோகனசுந்தரத்தின் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. அன்னிக்கு உட்டிருந்தா செயிச்சிருப்பியா?”

மோகனசுந்தரம் கையைத் துணியில் துடைத்தார். “தெரியாதுங்ண்ணா. செயிச்சிருப்பன்னு தெரிஞ்சாலும் தூங்கிருவன். தோத்திருப்பன்னு தெரிஞ்சாலும் தூங்கிருவன்.”

சென்னியப்பன் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மகளிடமே திருப்பி நீட்டினார்.

“ஓனர்ங்கற எடத்துல எம்பேர அடிச்சுட்டு உம்பேர எழுது, அம்மிணி. எம்பேர்ல அமாவாசைக்குப் பூட்டமாட்டன்.”

“எழுதுனா எழுதுனதுதானுங்ப்பா. மறுக்கா மாத்த முடியாது.”

“தெரியும். எழுது.”

எழுதினாள். உரிமை மாற்றம் என்ற கட்டத்தில் அவர் மெதுவாகக் கையெழுத்திட்டார். பேனாவை மூடி அவளிடமே கொடுத்தார்.

“ஏன்டா மோகனா, ஞாயித்துக்கெழம என்னைய உள்ள உடுவாங்களா?”

“ஓனருக்குத்தானுங்ண்ணா பாஸ். நீங்க டிக்கெட்டு வாங்கோணும்.”

“வரிசைல நிக்கோணுமா?”

“நிக்கோணுமுங்ண்ணா.”

“செரி” என்றார் சென்னியப்பன். “காலைல நேரமே போலாம்.”